மீனுக்குப் போட்ட ஐஸ்

டீயை அந்தக் கப்பில் ஊற்ற வேண்டாம் மேடம். என் பையில் டம்ளர் இருக்கிறது. பேப்பர் கப் என்றுதான் பெயர், உள்ளே மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். இதெல்லாம் என் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டது. அவள் போன பிறகும் வெளியே கிளம்பினால் கை தானாக டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறது.

சற்று முன்பு நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்து வாயைத் திறந்ததும், 'துக்கத்துல பேசறீங்க சார், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க' என்றீர்கள். துக்கம் உண்மைதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்குப் பேசிப் பழக்கம் குறைவு. நடுவில் நிறுத்தினால் முடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் சவுரிமுத்து. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடிப் போர்ஷன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இல்லை. வேலைக்குப் போகவர ரயிலில் புத்தகம் படிப்பேன். அந்த ஒரு ஆசைதான். குடி, சீட்டு எதுவும் கிடையாது.

மனைவி ஜெயசீலி. போன ஐப்பசியில் காலமானாள். 'பை அக்கா' என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. பெருவெள்ளம் வந்த வருடம் எங்கள் தெருக் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்றது முழுக்கக் கவர்தான். மழை விட்ட மறுநாள் அவள் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டு இறங்கினாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பால் கவர், எண்ணெய்க் கவர், ஜவுளிக்கடைக் கவர். மேலே ஏறி வந்து கையைக் கழுவியவள், இனிமேல் வேண்டாத ஒன்றும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். வரவில்லை. அரிசிக்குத் துணிப்பை, எண்ணெய்க்கு கேன், மாவுக்கு டப்பா. பழைய புடவைகளில் பை தைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று கொடுப்பாள். கையில் திணித்துவிட்டு விட மாட்டாள். வாங்கியவர் பேருந்து ஏறுகிறவரை கூடவே பேசிக்கொண்டு போவாள்.

அவள் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் காபி வடிகட்டும்போது தொடங்கினால் ராத்திரி ஜெபம் சொல்கிறவரை ஓடும். முந்தின ராத்திரி கண்ட கனவு, கீரைக்காரி மகளுக்குப் பார்த்த வரன், கீழ் வீட்டு மோட்டார் சத்தம், அந்த மோட்டாரை வாங்கின கடை, அந்தக் கடையில் இவள் கவர் வேண்டாம் என்று சொன்னபோது கடைக்காரர் முகம் போன போக்கு. ஒன்றின் வால் இன்னொன்றின் வாயில் இருக்கும். நான் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன்.

"ஏங்க, கேக்கறீங்களா?"

"ம்."

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

கடைசி வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "ஸ்டோர்ஸ்காரரு, உள்ள வர்ற சரக்கு எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்காரு" என்பாள்.

அவள் பேச்சில் யாரைப் பற்றியும் ஒரு கெட்ட சொல் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் நல்லவள். வேலையில் இருந்தவரை எனக்கு ரயில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ரயில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு வெகு நாளாகச் சர்க்கரை. மாத்திரை கேட்காமல் போய் இன்சுலின் ஊசிக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தது. அவளே போட்டுக்கொள்வாள், அப்போதும் பேச்சு நிற்காது. அந்த மருந்து குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு மேல் கதிரேசன் வைத்திருக்கும் மெடிக்கலில் தவறாமல் கிடைக்கும். முதல் தடவை நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். கதிரேசன் மருந்தை ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்து, மேலே ஜெல் பை ஒன்று வைத்து, டேப் ஒட்டி, அதை ஒரு கவரில் போட்டு நீட்டினார்.

"ஒரு விரல் நீளம் பாட்டிலுக்கு இவ்ளோ சட்டை துணியா தம்பி?" என்றாள் ஜெயசீலி.

"அக்கா, அது சட்டை இல்ல, கூலிங். கூலிங் போச்சுன்னா இது மருந்தில்ல, வெறும் தண்ணி. பாக்கறதுக்கு அப்படியேதான் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது."

"கூலிங் வேணாம்னு நான் சொன்னேனா? தெர்மோகோல் வேணாம்னேன். ஐஸ் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. நாளைக்கு நான் வாளியோட வரேன், நீ மருந்தை மட்டும் குடு."

"அக்கா, நீங்க ஆம்புலன்சுக்கே துணிப்பை தச்சிடுவீங்க" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் எவர்சில்வரில் சின்னதாக ஒரு தூக்குவாளி வாங்கி வந்தாள். பாத்திரக் கடையிலேயே 'ஜெயசீலி' என்று பேர் வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதன்பிறகு அதுதான் ஏற்பாடு. மருந்து தீர்கிற வாரத்து வெள்ளிக்கிழமை, வாளி நிறைய ஐஸ் கட்டி போட்டு, மருந்து வைக்க நடுவில் ஒரு சின்ன டப்பா இறக்கி, ஈரத்துண்டு சுற்றி என் கையில் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். அதனால் மீனுக்கு ஒரு பெரிய தூக்குவாளியும் சேர்ந்து வரும். இரண்டையும் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். மருந்துக் கடை, மீன், பிறகு நூலகம். வீட்டுக்குத் திரும்பச் சாயங்காலம் ஆகும். அதற்கு முன் ஐஸ் கரைந்துவிடுமோ என்று அவள் கேட்பாள். நூலகத்தில் வாட்ச்மேன் குணா, தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மூலையில் வாளியை வைத்துக்கொள்வார், அங்கே குளிர்ச்சிதான் என்று நான் சொல்லியிருந்தேன். அது உண்மை.

முதல் தடவை நடந்தது தற்செயல். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

சித்திரை மாதம். மருந்தை வாங்கிச் சின்ன வாளிக்குள் வைத்தாயிற்று. ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில் அங்காளம்மாள் மீன் போட்டிருந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர்.

"இன்னா சார், தனியா வந்துகினு கீற, அக்கா வரலியா? நல்லதா போச்சு. போன வாரம் ஒரு கவரு கீழ கெடந்துச்சுன்னு என்ன கடலு வரைக்கும் தொரத்திச்சு. சங்கரா கீது, பாரு, கண்ணு எப்பிடி மொறைக்குது."

சங்கராவைச் சுத்தம் செய்து பெரிய வாளியில் போட்டவர், பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐஸு தீந்துபூட்ச்சு சார். வண்டி இன்னும் வரல. இந்த வெயிலுக்கு நாத்தம் புட்ச்சுக்கும். நேரா வூட்டுக்குப் போயிரு."

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போவதாக இல்லை. பாதியில் விட்ட ஒரு நாவல் நூலகத்தில் இருந்தது. சின்ன வாளியைத் திறந்து ஐஸை மீன் மேல் கொட்டினேன். மருந்தைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

"மருந்தையும் மீனோட உள்ள வச்சிக்க சார், ஐஸு நெறைய கீது" என்றார் அங்காளம்மாள்.

"மீன் வாடை ஏறும்" என்றேன்.

"ஊசி மருந்த மோந்தா பாக்கப் போறாங்க?" என்றார்.

அன்று ஒரு அரை மணி நேரம் படித்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் நினைப்பு. பெரிய வாளியைக் குணாவிடம் கொடுத்தேன். ஸ்டோர்ஸ்காரன், மீனைப் பற்றிய யோசனை இருந்தது. ஸ்கூட்டர் வெயிலில் நின்றது. நூலகக் காம்பவுண்டுக்குள் வேப்பமரம் உண்டு, ஆனால் காக்கை எச்சம் போடும். வெளியே வந்தபோது சாயங்காலம். சீட்டில் உட்கார முடியவில்லை, கொதித்தது. துணிப்பையை எடுத்தேன். அட்டைப்பெட்டி கையில் சுட்டது, அப்போதுதான் பொரித்தெடுத்த அப்பளம்போல.

தெருமுனையில் நிறுத்தி, மருந்தைத் திரும்பச் சின்ன வாளிக்குள் வைத்து மூடினேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஜெயசீலி திறந்து பார்த்துவிட்டு, "ஐஸெல்லாம் கரைஞ்சே போச்சு பாருங்க, என்ன வெயிலு" என்றாள். மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு வாங்க வேண்டும், திரும்பக் குரோம்பேட்டை போக வேண்டும், ராத்திரி முழுக்க அதைப் பற்றிப் பேச்சு இருக்கும். மீன் வாளியை அடுப்படியில் கொண்டு போய் வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரங்களில் ஒன்று கவனித்தேன். அவள் மத்தியானம் படுக்கத் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "என்னமோ அசதியா இருக்குங்க" என்று பாயை விரித்தாள். வீடு அடங்கியது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு மின்விசிறி இப்படிச் சத்தம் போடும் என்பதே அன்றுதான் தெரிந்தது. கோயில் மணி கேட்டது. தாம்பரம் பக்கம் போகும் ரயில் கேட்டது. ஒரு புத்தகத்தை எடுத்தேன், இருட்டும்போது முடித்தேன். கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அதற்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்பீர்கள். அன்றைக்கே புரிந்தது. எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு பசை வரும். குளிரிலேயே வர வேண்டிய சரக்கு. வழியில் குளிர் விட்டுப்போயிருந்தால், டின் புத்தம் புதிதாக இருந்தாலும் நான் இறக்க விட மாட்டேன். டிரைவர்கள் கெஞ்சுவார்கள். நல்லாத்தானே சார் இருக்கு என்பார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும் என்று திருப்பி அனுப்புவேன். எனவே தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த தடவை அங்காளம்மாளிடம் ஐஸ் இருந்தது. இருந்தும் சின்ன வாளி ஐஸை மீன் மேல் கொட்டினேன். அதற்கடுத்த தடவையும். போகப் போக அது ஒரு முறையாகிவிட்டது. ஐஸ் மீனுக்கு. மீன் குணாவின் பானைக்குப் பக்கத்தில். மருந்து சீட்டுக்கு அடியில். நான் உள்ளே மின்விசிறிக்குக் கீழே. ஒரு விஷயத்தை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் எதையும் கலக்கவில்லை. எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. அவள் ஊருக்கெல்லாம் சொன்னதுபோல ஒன்றைக் குறைத்தேன், அவ்வளவுதான். சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. மத்தியானங்கள் மட்டும் வேண்டும் என்று நினைத்தேன். காலையும் ராத்திரியும் அவள் பேசிக்கொண்டு இருக்கட்டும்.

அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் அளவைக் கூட்டினார். கூட்டினால் பாட்டில் சீக்கிரம் தீர்ந்தது, வெள்ளிக்கிழமைகள் சீக்கிரம் வந்தன. ஒருநாள் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மருந்தை ஃப்ரிட்ஜ்லதானே வைக்கிறீங்க?"

"ஆமா டாக்டர், கதவுப் பக்கம்."

"வாங்கிட்டு வர்றப்போ?"

"அதெல்லாம் இவரு பாத்துப்பாரு டாக்டர். ஐஸ் வச்சு, வாளியில, கோயில்ல மாதா சுரூபம் தூக்கற மாதிரி கொண்டு வருவாரு." என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மெலிந்திருந்ததால் பற்கள் பெரிதாகத் தெரிந்தன.

டாக்டர் என்னைப் பார்த்தார். வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது, ஒரு வார்த்தைக்கு நேரமும் இருந்தது. பிறகு அவர் எழுதத் தொடங்கினார்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு விஷயம் சொல்லணும், திட்டக் கூடாது என்றாள். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஏஞ்சல் கொடுத்தனுப்பிய கேக்கில் பாதியை எனக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டாளாம். "அதனாலதாங்க ஏறிடுச்சு. நீங்க வெயில்ல அலைஞ்சு வாங்கிட்டு வர்றீங்க, நான் இப்படிப் பண்ணிட்டேன்" என்று அழுதாள். கிறிஸ்துமஸ் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பரவாயில்லை என்றேன். அதன்பிறகு அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் ஒரு தோசை. தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். பை தைப்பதை விட்டாள், கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். தைத்து முடிக்காத பைகள் மெஷின் மேல் கிடந்தன. காலைப் பேச்சு போனது. பிறகு ராத்திரிப் பேச்சும் போனது. நான் மத்தியானத்தை மட்டும்தான் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறவில்லை.

இடையில் நிறுத்தப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. மருந்தைச் சின்ன வாளியிலேயே விட்டு, ஐஸும் கலையாமல், நூலகம் போகாமல் நேராக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நாலைந்து நாளில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் களை வந்தது. ஒரு காலையில் நான் புத்தகத்தைப் பிரித்து, ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஓர் அத்தியாயத்துக்கு வந்திருந்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஏங்க, கேக்கறீங்களா? நேத்து ஒரு கனவு" என்று தொடங்கினாள். நான் "ம்" என்றேன். அடுத்த மருந்து நாளில் ஐஸை மீனுக்குக் கொட்டினேன்.

கடைசியாக அவள் வாய் திறந்து கேட்டது மீன் குழம்பு. அப்போதெல்லாம் நான்தான் சமையல். வவ்வால் மீன் வாங்கி வந்து, புளி குறைவாக விட்டுச் செய்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். "நல்ல மீனுங்க. வாடையே இல்ல. இந்த வெயில்ல எப்படிங்க இவ்ளோ ஃப்ரெஷ்ஷா கொண்டு வர்றீங்க?" என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அந்த வாரமே நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சர்க்கரை, புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறியது என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது.

இப்போது வீடு நாள் முழுக்க என்னுடையது. ஆனால் படிக்க ஓடவில்லை மேடம். கண் ஒரே வரியில் நிற்கிறது, காது அடுப்படியில் நிற்கிறது. மின்விசிறி சத்தம் போடுகிறது, அதை நிறுத்தினால் அதைவிடப் பெரிதாக ஒன்று கேட்கிறது. சில சமயம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு "ம்" என்று சொல்லிப் பார்க்கிறேன். கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

நாற்பதாம் நாள் பூசைக்குத் தெருவே வந்திருந்தது. அவள் தைக்காமல் விட்ட பைகளை ஏஞ்சல் தைத்து முடித்து, ஆளுக்கொன்று கொடுத்தாள். கதிரேசன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி யாரு சார் பாத்துப்பாங்க? ஒரு தடவகூட வாளியில்லாம நீங்க வந்ததில்ல" என்றார். எனக்கும் ஒரு பை கிடைத்தது. இதோ, டம்ளரை அதில்தான் கொண்டு வந்திருக்கிறேன். அவளுடைய கத்தரிப்பூ நிறப் புடவை இது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பெரிய வாளியை எடுத்துக்கொண்டு அங்காளம்மாளிடம் போனேன். மீனைப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினார், சின்ன வாளிக்காக.

"இன்னா சார், ஐஸு எட்த்தார்லியா இன்னிக்கு?"

எங்கள் வீட்டில் ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் ஆள் இல்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ரோட்டோரத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. "உக்காரு சார், உக்காரு" என்று அவர் தன் பலகையைத் தள்ளிக் கொடுத்தார். உட்காரவில்லை. வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜிலிருந்து மிச்ச மருந்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். மேஜை மேல் இருக்கிற சின்ன வாளியில் அதுதான் இருக்கிறது. யாரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமோ பாருங்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

என்ன சொன்னீர்கள்? ஆமாம், கேட்டது. வயதானவர், வெயிலில் மறந்துபோய் வைத்திருப்பீர்கள், கவனக்குறைவு என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறீர்கள். வேண்டாம் மேடம், அப்படி எழுதாதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் என் பொறுப்பில் இருந்த பொருள் எதையும் நான் கெட விட்டதில்லை. அங்காளம்மாளைக் கேளுங்கள், குணாவைக் கேளுங்கள். அத்தனை வெயிலில், அத்தனை வெள்ளிக்கிழமையில், மீன் ஒரு நாள்கூடக் கெட்டதில்லை.